தோடர் மந்தில் இரண்டு கோடுகள்

ஊட்டி என்றால் படகு, பூங்கா, சாக்லேட் என்று வழக்கமான ஒரு சுற்று இருக்கிறதே, இந்த முறை அதை விட்டுவிட்டு நேராக நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் குடியிருப்பு (அவர்கள் 'மந்து' என்பார்கள்) ஒன்றுக்கு, முத்தநாடு மந்துக்குப் போனேன். காரணம், ஒரு பழைய பரிசோதனை. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1901-02இல் நீலகிரிக்கு வந்து தோடர்களின் பார்வையைச் சோதித்தார். ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்பு நுனிபோல உள்ளே மடங்கிய சிறகு, மற்றதில் வெளியே விரிந்த சிறகு. விரிந்ததுதான் நீளம் என்று நம் கண் உறுதியாகச் சொல்லும். முல்லர்-லயர் மாயை என்பார்கள். தோடர்களும் ஏமாந்தார்கள், ஆனால் ஆங்கிலேயர்களைவிடக் குறைவாக!

ஏன்? சீகல், கேம்ப்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பல நாட்டு மக்களிடம் இதைச் சோதித்துவிட்டு 1966இல் ஒரு விளக்கம் சொன்னார்கள்: நேரான சுவரும் மூலையுமாக உள்ள வீட்டில் வளர்ந்த கண், விரிந்த முனையைப் பார்த்ததும் அறையின் உள்மூலை என்று எடுத்துக்கொண்டு, தள்ளி இருப்பதாக நினைத்துக் கோட்டை நீட்டிவிடுகிறதாம்.

தோடரின் பழைய வீட்டைப் பார்த்தால் இது சட்டென்று பிடிபடும். பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்த மாதிரி, மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துப் புல் வேய்ந்தது. கூரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்றே சொல்ல முடியாது, வாசலோ தவழ்ந்து நுழைகிற அளவுதான். ஆனால் முன்பக்கம் தட்டையான சுவர், அதில் சதுர வாசல். மூலை இல்லாமலா? அதோடு புறாவும் மீனும்கூட இந்தக் கோட்டில் ஏமாறுகின்றன, அவை எந்த வீட்டில் வளர்ந்தன? வீடு ஒரு காரணமாக இருக்கலாம், அதுவே எல்லாம் என்றால் எனக்கு ஒப்பவில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது அங்கே ஒரு பாட்டி செய்துகொண்டிருந்த பூத்தையல். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும், படம் வரைந்துகொள்வதெல்லாம் கிடையாது, துணியின் இழையை எண்ணி எண்ணியே ஊசி ஏறுகிறது. வாங்க வருகிறவர்கள் வழவழப்பான பக்கத்தைத் தடவிப் பார்க்க, அவர் திருப்பி, நூல் புடைத்து நிற்கிற பக்கத்தைக் காட்டி, "இதுதாங்க முன்பக்கம்" என்கிறார்.

பாட்டி குடியிருப்பது இப்போது சிமெண்ட் வீட்டில். பேரனிடம் போனில் அந்தக் கோடுகளைக் காட்டினேன்.

"கீழ இருக்கறது பெருசாத் தெரியும், ஆனா ரெண்டும் ஒண்ணுதான், இதெல்லாம் யூடியூப்ல பாத்தாச்சுண்ணா" என்றான். ரிவர்ஸுக்கு அந்தத் தொல்லை இருந்திருக்காது.