மூன்று கிலோவாட், மூன்று வருடம்: ஒரு ரோட்ஸ்டர் நாட்குறிப்பு

8 மார்ச் 2025, சனி

முடிவு செய்துவிட்டேன். மாஸ்டா ரோட்ஸ்டர் 990எஸ். ஜப்பானில் ஓடிய பழைய கார், நானே வாங்கி, நானே இறக்குமதி செய்து, இங்கே சிங்கப்பூரில் என் பெயரில் பதிவு செய்யப்போகிறேன். மனைவியிடம் சொன்னதும் முதல் கேள்வி, "ரெண்டு சீட்டுதானே?" ஆமாம், ரெண்டு சீட்டுதான்.

ஏன் இந்தக் கார் என்று எழுதி வைக்கிறேன். எடை 990 கிலோ, பெயரே அதிலிருந்து வந்ததுதான். 1,496 சிசி, கையால் மாற்றும் ஆறு கியர், துணிக் கூரை. சக்தி 97 கிலோவாட், ஜப்பான் கணக்கில் 132 குதிரைத்திறன். இந்த 97 என்ற எண்ணைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. இங்கே கார் பதிவு செய்ய ஏலத்தில் எடுக்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்தான் சிஓஇ, அதில் ஏ பிரிவுக்கு வரம்பு 1,600 சிசி, 97 கிலோவாட். கோட்டின்மேலேயே நிற்கிறது கார்! 2023 அக்டோபரில் மாஸ்டா அறிவித்த புதிய ரோட்ஸ்டரில் அதே 1.5 லிட்டர் இன்ஜின் 100 கிலோவாட் ஆகிவிட்டது, அதனால் அது பி பிரிவுக்குப் போய்விடும், 990எஸ் மாடலையும் அத்தோடு நிறுத்திவிட்டார்கள். மூன்று கிலோவாட்தான் வித்தியாசம், ஓட்டும்போது தெரியுமா என்றுகூடத் தெரியாது, ஆனால் ஏலத்தில் அது வேறு வரிசை.

அடுத்த கோடு வயது. வெளிநாட்டில் முதலில் பதிவான நாளிலிருந்து மூன்று வருடம் முடிவதற்குள் இங்கே பதிவாகிவிட வேண்டும். 990எஸ் அறிமுகமானது 2021 டிசம்பரில். அப்படியென்றால் எனக்கு ஏற்ற கார்கள் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வருகின்றன.

23 மார்ச், ஞாயிறு

யோகோஹாமாவில் இருக்கும் என் பாலிடெக்னிக் நண்பன், அங்கே பழைய கார் ஏலத்தில் ஒரு காருக்குக் கொடுக்கும் விவரத்தாளின் படத்தை அனுப்பினான். முதல் வரியிலேயே "ஆர் 4". எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் இந்தத் தாள்களில் தரம் போடும் கட்டத்தில் ஆர் என்று இருந்தால் விபத்தில் அடிபட்டுப் பழுது பார்த்த கார் என்று படித்திருந்தேன். உடனே போன் போட்டேன். அவன் பொறுமையாகச் சொன்னான், அது வருடக் கட்டம், ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் ரெய்வா 4, அதாவது 2022. தரம் வேறு கட்டத்தில் இருக்கிறது, நாலரை.

அப்புறம் அந்தத் தாளை எப்படிப் படிப்பது என்று ஒரு மணி நேரம் பாடம். காரை மேலிருந்து விரித்துப் போட்டதுபோல ஒரு கோட்டுப் படம், அதில் எங்கே என்ன குறை என்று குறியீடு. ஏ1 என்றால் சின்னக் கீறல், யு என்றால் நெளிவு, டபிள்யூ என்றால் தட்டிச் சரிசெய்து பெயிண்ட் அடித்த தடம், எக்ஸ்எக்ஸ் என்றால் அந்தப் பகுதியையே மாற்றியிருக்கிறார்கள். இதில் பின் பம்பரில் ஒரு ஏ1, இடது கதவில் ஒரு யு1. அவ்வளவுதான். 21,000 கிலோமீட்டர். முதல் பதிவு 2022 செப்டம்பர் 14.

அந்தத் தேதியைப் பெரிதாக எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன்.

12 ஏப்ரல், சனி

கார் என்னுடையது. விலை 24 லட்சம் யென். நண்பன் நேரில் போய்ப் பார்த்து, அடியில் படுத்துத் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் படம் எடுத்து அனுப்பினான், பனிப்பிரதேசத்தில் ஓடிய கார்களில் சாலையில் போடும் உப்பு அடிப்பாகத்தை அரித்துவிடும் என்பதால் அதைத்தான் முதலில் பார்க்கச் சொன்னேன். சுத்தமாக இருக்கிறது. அவனுக்கு நான் பட்ட கடன் இந்த ஜென்மத்தில் தீராது.

இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கப்பல் கூலி, காப்புறுதி எல்லாம் சேர்த்துச் சுங்கத்துறை போடும் பொதுச் சந்தை மதிப்பு, அதாவது ஓஎம்வி, ஏறத்தாழ 24,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரும். தீர்வை 20 விழுக்காடு, 4,800. இரண்டும் சேர்ந்த தொகைக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி, 2,592. கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000 வரை 140 விழுக்காடு, ஆக 20,000 உடன் 5,600, மொத்தம் 25,600. பழைய காரை இறக்குமதி செய்வதற்கென்றே 10,000. பதிவுக் கட்டணம் 350. சிஓஇ இல்லாமலேயே 67,342 வெள்ளி. 24,000 வெள்ளி காருக்கு!

மனைவி அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள். பிறகு, "பத்து வருஷமா சேர்த்தது உனக்குத்தானே, செய்" என்றாள். மறக்கக் கூடாது என்பதால் அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

16 மே, வெள்ளி

கப்பல் ஏறிவிட்டது.

3 ஜூன், செவ்வாய்

பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில் கார் இறங்கிவிட்டது, ஆனால் என் கைக்கு வரவில்லை. ஏற்றுமதிக்காகப் பதிவு நீக்கிய சான்றிதழை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த இடைத்தரகர் சேஸிஸ் எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றி அடித்திருக்கிறார். மூலத்தில் 6, மொழிபெயர்ப்பில் 8. அதே தப்பு எண் மற்றத் தாள்களிலும் ஏறிவிட்டது. எல்லாவற்றையும் திருத்தி, கையெழுத்து வாங்கி, திரும்ப அனுப்பி... துறைமுகத்தில் கார் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை என் தலையில். எனக்கு உண்மையிலேயே கோபம். இதைச் சரிபார்ப்பதற்குத்தானே அவருக்குக் காசு கொடுத்தேன்? இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன், கார் கப்பல் ஏறும் முன்பே சேஸிஸ் எண்ணை, காரில் பொறித்திருப்பதைப் படம் எடுத்து, ஒவ்வொரு தாளோடும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

14 ஜூன், சனி

பன்னிரண்டு நாள் வீண். இன்று டோ லாரியில் ஏற்றி, நண்பர் ஒருவரின் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பதிவாகாத காரைச் சாலையில் ஒரு அடிகூட ஓட்டக் கூடாது. லாரிமேல் அது சின்னதாக, பொம்மை மாதிரி இருந்தது. முதல் தடவை தொட்டுப் பார்த்தேன். படத்தில் தெரியாத ஒன்று, பிரேக் கேலிப்பரில் இருக்கும் நீலம். சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

17 ஜூலை, வியாழன்

உமிழ்வுச் சோதனை முடிந்தது. மாடல் குறியீடு 5பிஏ-என்டி5ஆர்சி, அதில் முதல் மூன்று எழுத்தும் ஜப்பானின் உமிழ்வுத் தரத்தைச் சொல்பவை. ஆனால் காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது, ஆய்வகத்தில் உருளைகள்மேல் ஓடவிட்டு அளந்து பார்க்கிறார்கள். கரியமில வாயு மட்டுமல்ல, மற்ற மாசுகளும் கணக்கில் வரும், எது மிக மோசமோ அதை வைத்துத்தான் உமிழ்வுப் பிரிவு. என் காருக்கு அபராதக் கட்டணமும் இல்லை, தள்ளுபடியும் இல்லை, நடுப் பிரிவு. அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

இனி சிஓஇ ஏலம்தான் பாக்கி. செப்டம்பர் 14-க்கு இன்னும் 59 நாள்.

6 ஆகஸ்ட், புதன்

தோற்றேன்.

நானே என் வங்கிக் கணக்கு வழியாக ஏலம் கேட்டேன், 10,000 வெள்ளி முன்பணம் பிடித்துக்கொள்வார்கள். திங்கள் நண்பகல் தொடங்கி புதன் மாலை 4 மணிக்கு முடியும். நாம் ஓர் உச்ச விலை போட வேண்டும், ஏற்றலாம், இறக்க முடியாது. நான் போட்டது 99,500. ஆறு இலக்கத்தைத் தொட மனசு வரவில்லை. கடைசி ஒரு மணி நேரம் அலுவலகக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன், வெளியே வந்து பார்த்தபோது விலை லட்சத்தைத் தாண்டியிருந்தது, மணி 4.10.

இரவு அப்பா வந்திருந்தார். முப்பது வருடம் டாக்சி ஓட்டியவர், எனக்குக் கிளட்ச் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். "எல்லாரும் ஒரே விலைதானே கட்டுவாங்க? நீ கூடப் போட்டா கூடவா எடுப்பாங்க?" என்று கேட்டார். சரிதான், ஜெயித்தவர்கள் எல்லாரும் கட்டுவது ஒரே விலை, அது என் உச்ச விலைக்குக் கீழேதான் இருக்கும். தெரிந்த விதிதான். பயத்தில் மறந்துவிட்டேன்.

20 ஆகஸ்ட், புதன்

112,000 போட்டேன், அன்று விடுமுறையும் எடுத்தேன். 3.45 முதல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். 4 மணி. கிடைத்துவிட்டது. கட்ட வேண்டியது லட்சத்துக்கு மேல்தான், ஆனால் நான் போட்டதைவிடக் குறைவு. ஆறு மாதத்துக்குள் பதிவு செய்யலாம் என்கிறது தற்காலிகச் சான்றிதழ். எனக்கு இருப்பதோ 25 நாள்.

கடன் வாங்குவதாயிருந்தால் ஓஎம்வி 20,000 வெள்ளிக்கு மேல் போனதால் விலையில் 60 விழுக்காடுதான் கிடைக்கும், ஏழு வருடத்துக்குள் கட்ட வேண்டும். இரண்டு இடத்தில் விசாரித்தேன், தனிநபர் இறக்குமதி என்றதும் தயங்கினார்கள். சேமிப்பு முழுவதும் போகிறது, மீதியை மனைவியின் அக்கா தருகிறார்.

4 செப்டம்பர், வியாழன்

பதிவாகிவிட்டது! பத்து நாள் மிச்சம்.

காலையில் சின் மிங்கில் பரிசோதனை: விளக்கு, பிரேக், சேஸிஸ் எண். அந்த எண்ணைப் படித்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எண் சரியாக இருந்தது. அப்புறம் புதிய இஆர்பி கருவி, சாலைக் கட்டணம் பிடிப்பது. அது மூன்று துண்டு, கண்ணாடிக்குக் கீழே ஒரு திரை, ஓர் ஆன்டெனா, முக்கியப் பெட்டி பயணியின் கால் வைக்கும் இடத்தில். பெரிய காரில் தெரியாது. இங்கே முழங்கால் இடிக்கும். பொருத்திய தம்பியிடம் இன்னும் மேலே தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டேன், அவரும் இரண்டு விரற்கடை ஏற்றிக் கொடுத்தார்.

புக்கிட் பாத்தோக் வரை கூரையைத் திறந்துகொண்டே வந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்றாவது கியரில் ஏற்றத்தில் வரும்போது எடை என்று எதுவுமே இல்லாததுபோல் இருந்தது, இத்தனை மாதம் காகிதத்தில் பார்த்த 990 என்ற எண்ணின் அர்த்தம் அப்போதுதான் உடம்புக்குப் புரிந்தது.

7 செப்டம்பர், ஞாயிறு

அப்பாவைக் கூட்டிக்கொண்டு அதிகாலையில் லிம் சூ காங் பக்கம் போனோம். போகும்போது நான், வரும்போது அவர். கிளட்சைத் தொட்டு வருடக்கணக்காகிவிட்டது என்றார், ஆனால் ஒரு தடவைகூட இன்ஜின் நிற்கவில்லை. சிவப்பு விளக்கில் நியூட்ரலுக்குப் போட்டு, கைப்பிரேக் இழுத்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வார், டாக்சியில் உட்கார்ந்திருந்த அதே மாதிரி.

ஒரே குறை ரேடியோ. ஜப்பானில் எஃப்எம் 76-இல் தொடங்கி 95 மெகாஹெர்ட்ஸ் வரைதான். இங்கத்தித் தமிழ் வானொலியான ஒலி 96.8 பிடிக்காது. அலைவரிசையை மாற்றித் தரும் சின்னக் கருவி ஒன்றை ஆன்டெனா கம்பியில் இடையில் பொருத்தலாமாம், பட்டறையில் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை அப்பா செய்தி கேட்கத் தன் கைப்பேசியைக் கியர் கம்பிக்குப் பின்னால் இருக்கும் குழியில் வைத்துக்கொள்கிறார். இரண்டாவது கியர் போடும்போதெல்லாம் என் முழங்கை அதில் படுகிறது.