இரவுப் பாட்டுகளும் வாசிச்ச ஆக்களும்

2025 ஒக்டோபர் 9
வெள்ளவத்தையில பின்னேரம் தொடங்கின மழை இன்னும் விடேல்ல. மாமா வந்து நிண்டவர், சாப்பிட்டு முடிய வழமைபோல இலங்கை வானொலிக் கதைதான். 'இரவின் மடியில்' நிகழ்ச்சி போகேக்க படம், பாடினவர், எழுதினவர், இசையமைச்சவர் எண்டு ஒவ்வொண்டாச் சொல்லுவினம், கேட்டுக் கேட்டே எங்கட வீட்டில எல்லாருக்கும் பேர்கள் பாடம். ஆனா வாசிச்சவையின்ட பேர் வராது. இரவுப் பாட்டுகள்ல வாத்தியம் குறைவு, ஒரு கிட்டாரோ ஒரு புல்லாங்குழலோ தனிய நிக்கும், அதை வாசிச்சது ஆர் எண்டு தெரியாமலே இவ்வளவு வருசமாக் கேட்டுக்கொண்டிருக்கிறம், அது சரியில்லை. தெரிஞ்சதை இஞ்ச எழுதிவைக்கப் போறன்.

ஒக்டோபர் 10
'இளைய நிலா பொழிகிறதே'. 1982, பயணங்கள் முடிவதில்லை, இளையராஜா, வைரமுத்து, எஸ்பிபி. இவ்வளவும் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கிட்டார் வாசிச்சவர் சந்திரசேகர். ராஜா சேரின்ட எத்தனையோ பாட்டுக்கு ட்ரம்ஸ் வாசிச்ச புருஷோத்தமனும் இவரும் அண்ணன் தம்பி. ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பாருங்கோ, எஸ்பிபி வாய் திறக்க முதலே இரவு வந்திடும், பிறகு அவர் பாடேக்கையும் கிட்டார் பின்னால ஒளியாது, குரலோட கதைச்சுக்கொண்டே போகும். அடுத்த வருசம் இதே மெட்டு ஹிந்தியில கிஷோர் குமார் பாடி 'நீலே நீலே அம்பர் பர்' எண்டு போச்சு, அங்கயும் கிட்டார் இல்லாம அந்தப் பாட்டை நினைக்கேலாது. கிட்டார் பழகிற பெடியள் இண்டைக்கும் முதல்ல தேடுற துண்டு இது. சந்திரசேகர் எண்ட பேரைச் சொல்லிக்கொண்டு பழகினா எவ்வளவு நல்லம்.

ஒக்டோபர் 12
மாமான்ட விருப்பம் 'ஆயிரம் நிலவே வா'. அடிமைப் பெண், 1969, கே.வி. மகாதேவன், புலமைப்பித்தன். எஸ்பிபிக்கு அப்ப 22 வயசு, படிச்சுக்கொண்டிருந்த பெடியன், ரெக்கோர்டிங் நேரம் டைபொய்ட் வந்து விழுந்திட்டார். எம்ஜிஆர் வேற ஆளைப் போடேல்ல. எம்ஜிஆருக்குப் பாடப்போறன் எண்டு கூட்டாளிகளுக்கெல்லாம் சொல்லியிருப்பாய், அவை ஏமாறக்கூடாது எண்டு சொல்லிக் காத்திருந்தவராம், இதை எஸ்பிபியே எத்தனையோ மேடையில சொன்னவர். அந்தக் காலத்து ரெக்கோர்டிங்ல வாத்தியக்காரர் முழுப்பேரும் பாடுறவையும் ஒரே நேரம், ஆர் பிழைவிட்டாலும் முதல்ல இருந்து. புதுப் பெடியன், பக்கத்தில பி. சுசீலா, நெஞ்சு எப்பிடி அடிச்சிருக்கும்! குரல்ல ஒரு நடுக்கமும் இல்லை.

ஒக்டோபர் 17
கண்ணதாசன் காலமான நாள், 1981, சிகாகோவில. அவர் கடைசியா எழுதின படப் பாட்டு எண்டு சொல்லப்படுறது 'கண்ணே கலைமானே', மூன்றாம் பிறையில வாற தாலாட்டு. படம் அடுத்த வருசம்தான் வந்தது, யேசுதாஸ் பாடினதைத் தியேட்டர்ல சனம் கேக்கேக்க எழுதினவர் இல்லை. படம் எடுத்த பாலு மகேந்திரா எங்கட மட்டக்களப்பு ஆள், அமிர்தகழி. மாமாவுக்கு அதில பெரிய பெருமை, எனக்கும்தான். இண்டைக்கு வேற ஒண்டும் எழுத மனமில்லை.

ஒக்டோபர் 19
இங்கிலீஷ் பாட்டு ஒண்டு. ஃபைவ் சாட்டின்ஸ் எண்ட குழுவின்ட 'இன் த ஸ்டில் ஒஃப் த நைட்', 1956. எழுதிப் பாடின ஃப்ரெட் பாரிஸ் ஆமியில இருந்தவர், ராவில காவலுக்கு நிக்கேக்க எழுதின பாட்டு. ரெக்கோர்டிங் நடந்தது அமெரிக்காவில நியூ ஹேவனில, செயின்ட் பெர்னடெட் சேர்ச்சின்ட நிலக்கீழ் அறையில. அந்த இடத்தைக் கேட்டு எடுத்துக் குடுத்தவர் வின்னி மசெட்டா, பாட்டு நடுவில வாற சாக்ஸபோனும் அவர்தான். இசைத்தட்டில இந்தப் பாட்டைப் பின்பக்கத்திலதான் போட்டவை, முன்பக்கத்தை இப்ப ஆர் தேடுகினம்? சுவர்ல பட்டு வாற சத்தம் அப்பிடியே கேக்கும், பெரிய ஸ்டுடியோவில எடுத்திருந்தா அது கிடைச்சிருக்காது.

மாமாவுக்கும் போட்டுக் காட்டினன். சாக்ஸபோன் முடியமட்டும் பேசாம இருந்திட்டு "ஆரடா வாசிச்சது?" எண்டு கேட்டார். சொன்னன். பிறகு 'வாராயோ வெண்ணிலாவே' போடச் சொன்னார், மிஸ்ஸியம்மா, 1955, ஏ.எம். ராஜாவும் பி. லீலாவும். இதே மெட்டை ரெண்டு பேரும் தெலுங்கிலயும் பாடியிருக்கினம், ரெண்டையும் பக்கத்தில வைச்சுக் கேட்டிட்டு நாளைக்கு எழுதுறன்.