ஆறு மணி டம்ளர்

ஜூன் 3, 2024, திங்கள்

அப்பா போய் நான்கு மாதமாகிறது. அம்மாவுக்கு இன்னும் இரவில் தூக்கம் பிடிக்கவில்லை. இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால், விளக்கைக்கூடப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். இன்று படுக்கும் முன் கொடுக்கலாமென்று, மாடித் தொட்டியிலிருந்து எலுமிச்சைப் புல்லும் துளசியும் பறித்துக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டேன். ஒரு வாய் குடித்தவர், "கஷாயமா? எனக்குக் காய்ச்சல் இல்லையே" என்று டம்ளரை வைத்துவிட்டார்.

ஜூன் 5, புதன்

தவறு என்னுடையதுதான். சுக்கு, மல்லி விதை, பட்டை எல்லாம் கொதித்தால்தான் சாரம் இறங்கும். இலை அப்படியல்ல, அதன் மணமெல்லாம் எண்ணெயில் இருக்கிறது. துளசியில் உள்ள யூஜினால் என்ற மணப்பொருள்தான் கிராம்பிலும் மணக்கிறது. புல்லில் உள்ள சிட்ரல் என்ற மணப்பொருள் எலுமிச்சைத் தோலிலும் உண்டு. திறந்த பாத்திரத்தில் கொதித்தால் இரண்டும் ஆவியோடு போய்விடும். அன்று சமையலறை முழுக்க மணந்தது, டம்ளரில்தான் மணமே இல்லை.

இன்று இரண்டு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்த பிறகே இலைகளைப் போட்டேன். புல் இரண்டு தாள், அடித்தண்டைக் குழவியால் ஒரு தட்டு. துளசி பத்து இலை. தட்டைப் போட்டு மூடி ஏழு நிமிடம். (புல்லின் ஓரம் விரலைக் கிழித்துவிடும், கத்தரிக்கோலே நல்லது.) இளமஞ்சள் நிறத்தில் இறங்கியது. அம்மா ஒன்றும் சொல்லாமல் முழுவதும் குடித்தார்.

ஜூன் 9, ஞாயிறு

தூக்கம் மட்டும் வரவில்லை. மாலை ஆறு மணி ஃபில்டர் காபியை நான் எப்படி மறந்தேன்? உடம்பில் ஏறிய காஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். பதினொரு மணிக்கும் அது விழித்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அது அப்பாவும் அம்மாவும் நாற்பது வருடம் திண்ணையில் உட்கார்ந்து குடித்த காபி. நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காபியை மூன்று மணிக்கு மாற்றிவிட்டு, ஆறு மணிக்கு இந்தத் தேநீரை அதே டவரா டம்ளரில் திண்ணைக்குக் கொண்டுபோனேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஜூன் 14, வெள்ளி

அம்மா சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர். துளசி சர்க்கரையைக் குறைக்கக்கூடும் என்பதால் டாக்டரிடம் கேட்டேன். நாளுக்கு ஒரு டம்ளர் என்றால் பரவாயில்லை என்றார்.

நேற்று இரவு மூன்றரை வரை தூங்கியிருக்கிறார். இன்று மாலை நான் கூப்பிடும் முன்பே மாடியேறிப் புல்லை நறுக்கி எடுத்து வந்துவிட்டார். "துளசியைக் கொஞ்சம் குறைத்துப் போடு, தொண்டையில் காரம் நிற்கிறது" என்றார்.

ஆறு இலை போட்டேன்.