சிகாமட் ஈரத்தில் ஒரு ரிக்: குடைத் தயாரிப்பாளர்களை அளந்து பார்த்த கணக்கு

விமானத்திலிருந்து குடையோடு குதிக்கும் ஸ்கைடைவிங்கில், முதுகில் ஏறும் ரிக், அதாவது பாராசூட் மூட்டை, முழுவதும் ஒரே கம்பெனியின் பொருளாக இருப்பது அபூர்வம். உடலில் பூட்டும் பட்டைகளான ஹார்னஸும் குடைகளை அடக்கும் பையான கண்டெய்னரும் ஒருவரிடம், வழக்கமாகத் திறக்கும் மெயின் குடை இன்னொருவரிடம், அது கைவிட்டால் திறக்கும் ரிசர்வ் அவரிடமோ வேறொருவரிடமோ, ஆள் திறக்காமல் விழுந்தால் ரிசர்வைத் தானே திறக்கும் கருவியான ஏஏடி நான்காமவரிடம். ஆகவே "எந்தக் கம்பெனி நல்லது?" என்று மொத்தமாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மலேசியாவின் சிகாமட்டில், பழைய மெயின் ஒன்றுக்கு லைன் (குடையிலிருந்து தொங்கும் நூல்கள்) மாற்றி, புதுக் கண்டெய்னரும் ரிசர்வும் சேர்த்து ஒரு ரிக் அமைக்கும் வேலையில் இதுவரை அளந்ததும் கேட்டதும் இங்கே.

பார்வைக்கு வந்த பெயர்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். குடைகளில் ஃப்ளோரிடா டீலேண்டின் பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ், நியூசிலாந்தில் தொடங்கிய ஐகரஸ் வரிசை, ஏரோடைன். கண்டெய்னரில் ஜாவ்லின், வெக்டர், இன்ஃபினிட்டி, மிராஜ். ஏஏடியில் ஜெர்மனியின் சைப்ரஸ், பெல்ஜியத்தின் விஜில், செக் நாட்டின் எம்2. இவர்களில் யாருமே தரம் குறைந்த தையல் போடுகிறவர்கள் இல்லை. வித்தியாசம் தெரிவது பொருளை வாங்கி மூன்று வருடம் கழித்து, சுற்றிலும் செம்பனையும் பால்மரமும் நிற்கும் ஓர் ஊரிலிருந்து ஒரு கேள்வி அனுப்பும்போதுதான்.

கேள்வி அனுப்புவதையே முதல் சோதனையாக வைத்தோம். எல்லாத் தயாரிப்பாளருக்கும் ஒரே கடிதம், அதில் சீரியல் எண்ணும் தயாரித்த மாதமும். கேட்டவை ஐந்து: இந்த எண்ணுக்குப் பொருந்தும் சர்வீஸ் புல்லட்டின் (கோளாறு அறிவிப்பு) உண்டா, லைன் டிரிம் அட்டவணை (ஒவ்வொரு லைனுக்கும் உரிய நீளம்) கிடைக்குமா, மாற்று லைன் செட் எந்தெந்த நூலில் வரும், இந்தக் கண்டெய்னருக்குள் எந்த ஏஏடிக்கு அனுமதி, ரிசர்வைத் தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்பும் முறை என்ன. நல்ல பதிலில் டிரிம் அட்டவணை இருக்கும், ஒவ்வொரு லைனின் முடிந்த நீளமும் எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பதும் இருக்கும். ஓர் இடத்திலிருந்து குடையின் லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். எண் ஒன்றைத் தவறாகப் படித்தால் அட்டவணையே மாறிவிடும் என்பதால் அது சரியான கேள்வி. இன்னோர் இடத்தில் "உங்கள் டீலரைக் கேளுங்கள்" என்று ஒரே வரி. டீலர் கைகாட்டியது மறுபடி தொழிற்சாலையை. அந்தக் கம்பெனியின் குடை எவ்வளவு அழகாகத் திறந்தாலும் இங்கே வைத்துக்கொள்ள முடியாது. லைன் செட் வராமல் ஆறு மாதம் கிடந்தால் அது வெறும் துணி மூட்டை.

இனி அளவு. மெயின் 190 சதுர அடி, 9 செல் (காற்று நிரம்பும் அறை), ஸ்பெக்ட்ரா நூலில் லைன், 400 குதிப்புக்கு மேல் ஓடியது. அளக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. தோட்டத்து மண்டபத் தூணில் ஒரு பலமான கொக்கி, ஹார்ட்வேர் தவுக்கே (முதலாளி) கடையில் வாங்கிய கைத் தராசு, மில்லிமீட்டர் போட்ட உலோக நாடா. ரைசரிலிருந்து (லைன்களை ஹார்னஸோடு சேர்க்கும் பட்டை) குடையைக் கழற்றாமல், லைன்களை ரைசரில் கோக்கும் லிங்க்குகளைக் கொக்கியில் மாட்டி, ஒவ்வொரு லைனையும் தராசால் 5 கிலோ இழுத்துப் பிடித்து, லிங்க்கிலிருந்து துணியில் தைத்த இடம் வரை அளக்க வேண்டும். இழுப்பு ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம். ஒருமுறை கையால், ஒருமுறை தராசால் என்று கலந்தால் எண்கள் பொய் சொல்லும். 9 செல் குடையில் பக்கத்துக்கு ஐந்து ஏ லைன், அதாவது முன்வரிசை லைன். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஏ1 முதல் ஏ5 வரை பெயரிட்டு, இடது வலது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டே போக வேண்டும்.

நடு லைன்கள் அட்டவணையோடு ஒத்துப்போயின. ஓர லைன்கள் 2 செண்டிமீட்டர் குட்டை. பிரேக் லைன் இடதுபக்கம் 11 செண்டிமீட்டரும், வலதுபக்கம் 9 செண்டிமீட்டரும் குறைந்திருந்தன. காரணம் ஸ்லைடர், அதாவது லைன்கள் ஊடே போகும் வளையங்கள் வைத்து, திறப்பை மெதுவாக்கும் துணித்துண்டு. குடை திறக்கும்போது ஸ்லைடர் கீழே இறங்கும் வேகத்தில் அதன் வளையம் லைனில் உராய்ந்து சூடேறுகிறது. ஸ்பெக்ட்ரா சூட்டில் சுருங்கும் நூல். ஓர லைன்களும் பிரேக் லைன்களும்தான் அந்த உராய்வை அதிகம் வாங்குகின்றன. ஆக, குடை மெல்ல மெல்லத் தன் வடிவத்தை இழக்கிறது. பிரேக் லைன் குட்டையானால் கையை மேலே விட்டாலும் குடையின் வால் பாதி இழுபட்டே பறக்கும். வேகம் குறையும், முன் ரைசரை இழுத்தால் குடை குலுங்கும், தரையிறங்கும்போது வேகத்தைத் தணிக்கும் கடைசி பிரேக் இழுப்பான ஃப்ளேர் கொடுக்க மிச்சம் இருக்காது. இடது வலது 2 செண்டிமீட்டர் வித்தியாசம் என்றால் கையை விட்டதும் ஒரு பக்கம் திரும்பும். பல பேர் இதை "பழைய குடை, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். துணியில் கோளாறு இல்லை, லைனில்தான். காற்றிலேயே சோதிக்க எளிய வழி: முழு வேகத்தில் பறக்கும்போது பின்னால் திரும்பிப் பார்த்தால் பிரேக் லைன் லேசாக வளைந்து தொங்க வேண்டும். கம்பி மாதிரி விறைப்பாக நின்றால் அளக்கும் நேரம் வந்துவிட்டது.

நூலைத் தேர்ந்தெடுப்பதில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொன்றைச் சிபாரிசு செய்யும், காரணம் கேட்டால் சொல்ல வேண்டும். டேக்ரான் தடிமன், நீண்டு கொடுக்கும் குணம் உண்டு, திறப்பு மென்மை, பேக் பருமன் கூடும். ஸ்பெக்ட்ரா மெலிது, நீடிக்கும், ஆனால் சுருங்கும். வெக்ட்ரானும் எச்எம்ஏயும் நீளத்தை மாற்றாது. அதே சமயம் முன்கூட்டிச் சொல்லாமல் அறும், வெக்ட்ரானுக்கு வெயிலும் ஆகாது. தொடக்க நிலைக் குடைக்கு எச்எம்ஏ போட்டு விற்க முயல்கிறவரைவிட, "நீங்கள் அளந்து பார்ப்பீர்களா?" என்று கேட்டுவிட்டு ஸ்பெக்ட்ரா தருகிறவரைத்தான் நம்பலாம்.

புது லைன் செட் வந்ததும் தைக்கும் முன் இன்னொரு முறை அளக்க வேண்டும். ஒரு தயாரிப்பாளரிடமிருந்து வந்த பொட்டலத்தில் 190 என்று ஒட்டியிருந்தது, உள்ளே இருந்த கீழ் பிரேக் லைன் 170 அளவுக்கானது. வெளி ஒட்டை மட்டும் பார்த்து மாட்டியிருந்தால் குட்டைப் பிரேக்கைக் கழற்றிக் குட்டைப் பிரேக்கையே போட்டதாக முடிந்திருக்கும். படம் அனுப்பியதும் மாற்றுச் செட்டை அவர்களே செலவு போட்டு அனுப்பினார்கள், அதையும் சொல்ல வேண்டும். பிரேக் லைனில் இன்னொரு நுணுக்கம்: பிரேக் கைப்பிடியான டாகிளைச் செருகி வைக்கும் சின்னக் கண் எந்த இடத்தில் தைக்கப்பட்டிருக்கிறது என்பது. திறப்பின்போது பிரேக் எவ்வளவு இழுபட்டிருக்கும் என்பதை முடிவு செய்வது அதுதான். அந்தக் கண் சில செண்டிமீட்டர் தள்ளிப் போனால் திறப்பு முரடாகலாம், அல்லது திறந்ததும் குடை முன்னால் பாயலாம்.

துணிக்கு வருவோம். புது மெயின்கள் ஏறக்குறைய எல்லாமே காற்று புகாத ஜீரோ போரோசிட்டி நைலான். ரிசர்வில் லேசாகக் காற்று விடும் எஃப்-111 வகை நைலான், அல்லது அதைவிட மெலிந்த துணி. வாயை வைத்து ஊதிப் பார்க்கும் பழைய முறை இன்னும் உதவும். நடு செல்லின் மேல்துணியில், முன்விளிம்புக்கு அருகில் ஊத வேண்டும். மடிக்கும் கை அதிகம் படுவது அங்கேதான், முதலில் தேய்வதும் அங்கேதான். காற்று லேசாக மறுபக்கம் வந்தாலே அந்தத் துணி ஓய்வை நெருங்கிவிட்டது. இங்குள்ள செம்மண் தூள் நுண்ணிய மணல் மாதிரி. மண் தரையில் மடித்த குடைக்குப் பூச்சு சீக்கிரம் போகும், லைனுக்குள் தூள் புகுந்து உள்ளிருந்து அறுக்கும். ஆகவே தார்ப்பாய் விரித்துத்தான் மடிப்பது.

எந்த உற்பத்திக் கையேடும் இந்த ஊரை நினைத்து எழுதாத ஒரு விஷயம் உண்டு. ரப்பர் பால் உறைய வைக்கப் பயன்படும் சுக்கா கெத்தா, அதாவது ஃபார்மிக் அமிலம், நைலானைக் கரைக்கும். ஆய்வுக்கூடங்களில் நைலானைக் கரைக்கவே அதைத்தான் எடுப்பார்கள். ரப்பர் ஷீட் போடும் கொட்டகையிலோ, கேன் வைத்த ஸ்டோரிலோ, அது ஏற்றி வந்த லாரியின் பின்பக்கத்திலோ ரிக்கை வைக்கவே கூடாது. துளி படாவிட்டாலும் ஆவி போதும் என்ற பயத்தோடு விலகி இருப்பதே நல்லது. அமிலம் நைலானை எப்படித் தின்னும் என்பதற்கு 1980களில் வட்ட ரிசர்வ் குடைகளில் கண்ட சிக்கல் சாட்சி. வலைத்துணியில் தங்கியிருந்த அமிலம் பக்கத்துத் துணியைப் பலவீனமாக்கியது. புரோமோகிரசோல் கிரீன் திரவம் மஞ்சளாக மாறுகிறதா என்று பார்த்தும், துணியை இழுத்துச் சோதித்தும் ரிக்கர்கள் (குடையை மடிக்கவும் பழுதுபார்க்கவும் தகுதி பெற்றவர்கள்) ஒவ்வொரு குடையாகப் பிரித்தார்கள். சந்தேகம் வந்தால் இன்றைக்கும் தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது, தயங்காமல் பதில் சொல்பவரே நல்லவர்.

காற்றின் ஈரம் கண்டெய்னர் அளவையும் தொடுகிறது. நைலான் ஈரம் இழுக்கும். ஈரம் மாறினால் அதே குடையின் மடிப்புப் பருமனும் மாறும். தயாரிப்பாளரின் பேக் அளவு அட்டவணையில் "இறுக்கமாகப் பொருந்தும்" என்று போட்டிருக்கும் மெயின்-கண்டெய்னர் ஜோடி மூடப் போராட்டம் தரலாம். ஒருபடி தளர்ந்த அளவைத்தான் கேட்க வேண்டும். அதற்காக கண்டெய்னரை மூடி வைக்கும் நூல் வளையமான லூப்பை நீட்டி வைப்பது ஆபத்து, லூப் தளர்ந்தால் அதில் செருகிய ஊசி தானாக நழுவும். லூப்பின் இழைகளில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலே மாற்றிவிடுவது வழக்கம். குடை அளவிலும் கவனம் தேவை. எல்லாக் கம்பெனியும் ஒரே முறையில் சதுர அடியை அளப்பதில்லை. ஒருவரின் 170 இன்னொருவரின் 170 போலப் பறக்காது. ஆளும் ரிக்கும் சேர்த்து 190 பவுண்டு என்றால் 190 சதுர அடிக் குடையில் சுமை விகிதம் 1.0, ஆனால் இந்தக் கணக்கைக் கம்பெனி மாறும்போது அப்படியே தூக்கிப் போகக்கூடாது.

ஹார்னஸ் அளவெடுக்கும் படிவம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அந்தந்தக் கம்பெனியின் படிவத்தையே நிரப்ப வேண்டும், ஒருவருக்கு எழுதிய எண்ணை இன்னொருவருக்குப் பெயர்த்து எழுதினால் தொடைப் பட்டை தளரும், கைப்பிடி நெஞ்சில் மேலேறிவிடும். இருவர் சேர்ந்து, குதிக்கும்போது போடும் உடையோடு அளப்பது.

கோளாறான மெயினைக் கழற்றிவிடும் மூன்று வளைய ரிலீஸ் அமைப்பு பில் பூத் 1970களில் கொண்டுவந்தது. இன்று ஏறக்குறைய எல்லா ஹார்னஸிலும் அதுவே. தரம் தெரிவது சின்ன வளையத்தில்: சின்ன வளையமும் நடு வளையமும் அடுத்த பெரிய வளையம் ஒன்றுக்குள் மட்டும் நுழைந்து, தட்டையாகப் படிய வேண்டும். மாதம் ஒருமுறை ரைசரைப் பிரித்து, பட்டையை முன்னும் பின்னும் வளைத்து, வளையங்களைப் பூட்டி வைக்கும் மஞ்சள் கேபிளைச் சிலிக்கான் எண்ணெய் தொட்ட துணியால் துடைக்க வேண்டும் என்பது கையேட்டு விதி. இங்கே அதை மாதம் தவறாமல் செய்தால்தான் பட்டை விறைக்காது.

ரிசர்வில் பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ் செய்திருக்கும் ஒரு வேலை மனதுக்குப் பிடித்தது. குடையிலேயே கட்டங்கள் போட்ட லேபிள் தைத்திருக்கிறது. 40 முறை மடித்தாலோ 25 முறை திறந்தாலோ தொழிற்சாலைக்குச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், ஒவ்வொரு முறையும் ரிக்கர் ஒரு கட்டத்தில் குறி போடுவார். பழைய ரிசர்வ் வாங்கும்போது விற்பவரின் வாய்ச்சொல் தேவையில்லை, லேபிளே பேசும். அமெரிக்காவில் ரிசர்வ் மறுமடிப்புக் காலம் 2008 முதல் 180 நாள். ஆண்டு முழுதும் ஈரமாக இருக்கும் ஊரில் அந்தக் கெடுவை ஒருநாள் கூடத் தள்ளாமல் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. ரிசர்வில் கிழிசலை ஊர்த் தையற்காரர் தொடவே கூடாது.

கிழிசல் என்றால் செம்பனைதான். 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நட்ட வரிசைகளில் குடை விழுந்தால் மட்டையடி முள் துணியில் சின்னச் சின்னத் துளைகள் போடும். இழுத்து எடுக்கும்போதுதான் அவை நீளக் கிழிசலாகும். ரைசரைப் பிரித்து, லைனை மட்டைக்கு மட்டை விடுவித்து, துணியை மேலிருந்து தூக்கி எடுக்க வேண்டும். பிறகு செல் செல்லாக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது. மெயினுக்கு ஒட்டுப் போட அதே நிற, அதே வகைத் துணி ஒரு மீட்டர் கேட்டால் சில கம்பெனிகள் லைன் செட்டோடு சேர்த்தே அனுப்புகின்றன.

ஏஏடியில் மூன்றும் நம்பகமானவை, வேறுபாடு பராமரிப்பில். சைப்ரஸின் எக்ஸ்பர்ட் முறை தரைக்கு மேல் ஏறக்குறைய 750 அடியில், நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வின் லூப்பை வெட்டும். அதன் ஆயுள் பதினைந்தரை வருடம், இடையில் ஜெர்மனிக்குச் சோதனைக்கு அனுப்பும் வசதி உண்டு. விஜிலுக்குத் திட்டமிட்ட தொழிற்சாலைச் சோதனை இல்லை, ஆயுள் 20 வருடம். அனுப்பி வாங்கும் அலைச்சல் வேண்டாம் என்பவருக்கு இரண்டாவது வசதி. மூன்றாம் கண் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதில் நிம்மதி காண்பவருக்கு முதலாவது. எதுவானாலும் கண்டெய்னர் தயாரிப்பாளரின் அனுமதிப் பட்டியலில் அது இருக்க வேண்டும். விமான நிலையப் பரிசோதனைக்கு எக்ஸ்-ரே படம் போட்ட சைப்ரஸ் அட்டையை ரிக் பையில் முன்னாலேயே வைத்துக்கொள்ளவும்.

இப்போதைய நிலை: 190க்குப் புது ஸ்பெக்ட்ரா தைத்தாயிற்று, பிரேக் இரண்டு பக்கமும் அட்டவணைக்கு 3 மில்லிமீட்டருக்குள். டிரிம் அட்டவணை, முதல் அளவு, மாற்றிய தேதி மூன்றும் ஒரே பிளாஸ்டிக் உறையில், ரிசர்வ் அட்டையோடு. 50 குதிப்பு முடிந்ததும் அதே தூண், அதே தராசு, 5 கிலோ இழுப்பு. முதலில் பார்க்க வேண்டியது இடது ஏ5.