எம்ஜிபியின் ஸ்டீயரிங் ரேக்கைக் கழற்றி மாட்டிய கதை

என் எம்ஜிபி காரின் ஸ்டீயரிங் ரேக்கில், அதாவது ஸ்டீயரிங்கின் திருப்பலை முன்சக்கரங்களுக்குக் கடத்தும் பற்சட்டத்தில், ஓர் ஓரத்தில் இருந்த ரப்பர் உறை கிழிந்து, தரையில் எண்ணெய் சொட்டியிருந்தது. உறையை மட்டும் மாற்றினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். கிழிசலுக்குள் விரலை விட்டுத் தடவியபோது எண்ணெயோடு மணலும் சேர்ந்து வந்தது. ஏற்கெனவே நேராக ஓட்டும்போது ஸ்டீயரிங்கில் ஆட்டம் இருந்தது. பக்கவாட்டில் திருப்பினால் அந்த ஆட்டம் காணாமல் போகும். ரேக்கின் நடுப்பற்கள் தேய்ந்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். பழுது நீக்கிய ரேக் ஒன்றை வாங்கிவிட்டேன்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான வண்டி. பவர் ஸ்டீயரிங் இல்லை. சாலையின் ஒவ்வொரு சொரசொரப்பும் கைக்கு வந்து சேரும். அந்த உணர்வுக்காகவே இதை வைத்திருக்கிறேன். அதனால் இந்த வேலையை அரைகுறையாகச் செய்ய மனம் வரவில்லை.

முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தினேன். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்கவே கூடாது. சக்கரங்களைக் கழற்றும் முன்பே ஸ்டீயரிங்கை நேராக வைத்துக்கொண்டேன்.

ரேக்கைச் சக்கரங்களோடு இணைக்கும் கம்பிகளான டை ராடுகளின் முனைகள் எளிதில் விடுபடவில்லை. முனையின் கூம்பு வடிவத் தண்டு, சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் கைக்குள் பல ஆண்டுகளாக இறுகிக் கிடந்தது. நட்டை முழுவதும் கழற்றாமல் சில மரைகளில் நிற்கும்படி விட்டு, துளையைச் சுற்றியுள்ள இரும்பின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் இரண்டு சுத்தியலால் அடித்தேன். நான்காவது அடியில் 'டக்' என்று விட்டது. தண்டின் நுனியில் அடித்திருந்தால் மரை நசுங்கியிருக்கும். முனைகளைத் திருகி எடுக்கும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவைத்தேன்.

அடுத்தது யுனிவர்சல் ஜாயின்ட்: ஸ்டீயரிங் தண்டையும் ரேக்கின் பினியன் தண்டையும் இணைக்கும் மடங்கும் மூட்டு. பினியன் என்பது ரேக்கின் பற்களை நகர்த்தும் சிறு பற்சக்கரம். அதை இறுக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுவதும் உருவ வேண்டும். பினியன் தண்டில் உள்ள பள்ளத்தில் அந்த போல்ட் பதிந்து நிற்கிறது. இது தெரியாமல் நெம்பினால் எதையாவது உடைத்துவிடுவோம். பிறகு குறுக்குச் சட்டத்தில் ரேக்கைப் பிடித்திருந்த நான்கு போல்ட்டுகளையும் எடுத்தேன். கடைசி போல்ட் வந்ததும் மெல்லிய தகடு ஒன்று என் மார்பில் விழுந்தது. அது ஷிம், ரேக்கின் உயரத்தைச் சரிசெய்ய அடியில் வைக்கும் தகடு. சட்டத்தில் அமரும் ரேக்கின் எந்தக் காலுக்கு அடியில் எத்தனை ஷிம் இருந்தது என்று மற்ற மூன்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

அந்தக் குறிப்பு புதிய ரேக்குக்குப் பொருந்தவில்லை. பழைய ஷிம்களோடு மாட்டிப் பார்த்தபோது ஸ்டீயரிங் ஓரிடத்தில் இறுகி, ஓரிடத்தில் இளகியது. பினியன் தண்டின் அச்சும் ஸ்டீயரிங் தண்டின் அச்சும் ஜாயின்ட்டின் நடுமையத்தில் சந்திக்க வேண்டும். சந்திக்காவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றை ஒன்று இழுக்கும், பினியன் பேரிங்கும் தேயும். இதைச் சரிபார்க்க முனையுள்ள அளவுகோல் ஒன்று உண்டு, என்னிடம் இல்லை. ஜாயின்ட்டை எடுத்துவிட்டு, தடித்த அட்டையில் இரண்டு கூம்புகள் செய்து, இரண்டு தண்டுகளிலும் செருகினேன். கூம்பின் நீளம், தண்டின் முனையிலிருந்து ஜாயின்ட்டின் மையம் வரை. தண்டைச் சுழற்றும்போது கூம்பின் நுனி வட்டம் போடாமல் ஒரே புள்ளியில் நின்றால்தான் அது அச்சில் இருக்கிறது. அப்படி நிறுத்தவே ஒரு மணி நேரம் ஆனது. பார்த்தால், ரேக் பக்கத்துக் கூம்பின் நுனி மற்றதைவிட ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. போல்ட்டுகளைத் தளர்த்தி, நுனிகள் தொடும்வரை ரேக்கை உயர்த்தி, காலடியில் விழுந்த இடைவெளியை இடைவெளியை அளக்கும் ஃபீலர் தகடால் அளந்து அதே கனத்துக்கு ஷிம் வைத்தேன். நுனியும் நுனியும் தொட்டு நின்றதைப் பார்த்தபோது உண்டான நிறைவைச் சொல்லி மாளாது.

பிறகு ரேக்கை நடுவில் நிறுத்துவது. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஏறக்குறைய மூன்று சுற்று. எண்ணி, சரிபாதி திரும்பி வந்தேன். அந்த நிலையில் ஸ்டீயரிங் வளையம் நேராக இருக்கும்படி ஜாயின்ட்டைச் செருகி போல்ட்டை இறுக்கினேன். உறையைக் கட்டும் முன் சுமார் 200 மில்லி கியர் எண்ணெய் ஊற்றினேன். டை ராட் முனைகளை எழுதிவைத்த சுற்றுக் கணக்கின்படி ஏற்றினேன்.

முன்சக்கரங்கள் முன்பக்கம் சற்றே உள்வாங்கி இருக்க வேண்டும்: இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் பின்பக்கத்தைவிட முன்பக்கத்தில் 1.6 முதல் 2.4 மில்லிமீட்டர் வரை குறைவாக. என் அளவில் 5 வந்தது. இரண்டு டை ராடுகளையும் சம அளவில் திருப்பிச் சரிசெய்து, பூட்டு நட்டுகளை இறுக்கினேன். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் ஸ்டீயரிங் வளையம் கோணிவிடும்.

மறுநாள் காலை ஓட்டினேன். நேர்சாலையில் ஆட்டம் இல்லை. வளைவைக் கடந்து கையை லேசாக விட்டதும் வளையம் தானாக நேருக்குத் திரும்பியது. வீட்டுக்கு வந்ததும் நான்கு போல்ட்டுகளையும் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்த்தேன், எதுவும் நகரவில்லை.