ஏழாம் பெட் அட்டெண்டர்

மாசி கடைசி ஞாயிறு சமயபுரத்தில் பூச்சொரிதல். அன்றைக்குத்தான் அம்மன் பச்சைப் பட்டினி விரதம் தொடங்குகிறாள். மற்ற இடங்களில் சாமிக்காக நாம் விரதம் இருப்போம். இங்கே நமக்காக அவளே 28 நாள் இருக்கிறாள். சமைத்த தளிகை, அதாவது படையல், கிடையாது. நீர்மோர், பானகம், இளநீர், துள்ளுமாவு, அவ்வளவுதான். எங்கள் வீடு மண்ணச்சநல்லூர் பக்கம். என் மனைவி வருஷம் தவறாமல் மஞ்சள் உடுத்திக் கூடவே விரதம் இருப்பாள். இந்த முறை விரதத்தின் முதல் நாள் ராத்திரி அவளைத் திருச்சியில் ஐசியூவில் சேர்த்தேன்.

ஒரு வாரமாகவே காய்ச்சல். முதலில் பார்த்த இடத்தில் வைரல் காய்ச்சல் என்று ஊசி போட்டு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். டெங்குவும் இல்லை என்று வந்தது. ஆனால் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின, ஏழாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது.

உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் ஒரு சிஸ்டர் வந்து பிளாஸ்டிக் கவரைக் கையில் கொடுத்தார். தாலிக்கயிறு, மூக்குத்தி, மெட்டி. கவர் மேல் மார்க்கரில் 7 என்று எழுதியிருந்தது. ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கவரைத் திறந்தால் கயிற்றில் மஞ்சள் வாசனை அப்படியே இருந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

ராத்திரி ரெண்டு மணிக்கு, "ஏழாம் பெட் அட்டெண்டர்!" என்று கூப்பிட்டார்கள். டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வீட்டம்மா புல்லு அறுக்கப் போவாங்களா?" மாட்டுக்குப் புல் அறுக்க வாய்க்கால் கரைக்குத் தினமும் போகிறவள்தான். துணி மாற்றும்போது அக்குளில் ஒரு கருப்புப் பொருக்கைச் சிஸ்டர் பார்த்திருக்கிறார். சிகரெட்டால் சுட்ட மாதிரி சின்னதாக இருக்கும், வலிக்காது. அதனால் அவளுக்கே தெரியவில்லை. உண்ணிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குஞ்சு கடித்து வருவது. காய்ச்சலுக்கு வழக்கமாகப் போடும் ஆன்டிபயாடிக் பலதும் இதற்குக் கேட்காது, டாக்ஸிசைக்ளின் வேண்டும். அதை அப்போதே ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் நுரையீரல் கெட்டிருந்தது. விடியும்போது வென்டிலேட்டர்.

பார்க்க விடுவது காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஒரே ஆள், பத்து நிமிஷம். முதல் தடவை போனபோது வாயில் குழாய், மூக்கில் குழாய். டியூபைப் பிடுங்கிவிடக் கூடாது என்று ரெண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். விபூதி பூசக் கூடாது என்றார்கள். சரி என்று கையைக் கழுவிவிட்டு, நெற்றியில் வெறும் விரலை வைத்து, "இன்னைக்கு அம்மனுக்கு ரெண்டாம் நாள்" என்றேன். வேறு பேச்சு வரவில்லை.

அதன்பின் தினமும் அதைத்தான் சொன்னேன். மூன்றாம் நாள், நாலாம் நாள். டாக்டரிடம் கேட்டது ஒன்றே ஒன்று, மெஷினில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் வைத்திருக்கிறீர்கள்? 100, அப்புறம் 80, ஒரு நாள் மறுபடி 90, அப்புறம் 60. 40க்கு வந்தால் குழாயை எடுக்கப் பார்க்கலாம் என்றார்.

முதல் நாளிலிருந்தே அக்னிச்சட்டி எடுக்கிறேன், முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டே இருந்தேன். வெளி ஹாலில் எனக்குப் பக்கத்தில் ஒன்பதாம் பெட்டின் அம்மா. தஸ்பீஹ் ஜபமணியை உருட்டிக்கொண்டே இருப்பார், "தம்பி, சாப்பிட்டியா?" என்று கேட்டு எனக்கும் டீ வாங்கி வருவார். ஐந்தாம் நாள் அவர் மகன் போய்விட்டான். அந்த அம்மா என்னைவிடக் குறைவாகவா கேட்டார்? அன்றிலிருந்து நான் பேரம் பேசுவதை நிறுத்தினேன். தாயே, நீயும் பட்டினி, அவளும் குழாயில் கஞ்சி, நான் இங்கேயே இருக்கிறேன், கூட இரு என்பது மட்டும்தான். கேட்டதைக் கொடுத்தால்தான் சாமி என்றால் அந்த ஹாலில் என்னால் உட்கார்ந்திருக்க முடிந்திருக்காது.

பதினோராம் நாள் குழாயை எடுத்தார்கள். பிழைத்துவிட்டாள் என்று ஓடினேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கூரையில் எறும்பு ஊர்கிறது என்றாள், மாட்டை அவிழ்த்துவிட்டார்கள் என்று அழுதாள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. ஐசியூவில் பல நாள் கிடந்தவர்களுக்கு இப்படிக் குழப்பம் வருவது சகஜம், பெரும்பாலும் தெளிந்துவிடும் என்றார் டாக்டர். அவர் சொன்ன வழி: கண்ணாடி போட்டுவிடுங்கள், தெரிந்த குரலில் பேசுங்கள், இன்றைக்கு என்ன நாள், எங்கே இருக்கிறீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். நாளைத்தான் நான் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தேனே! "பன்னிரண்டாம் நாள், புள்ள. திருச்சி ஆஸ்பத்திரி. மாடு கொட்டகையிலதான் இருக்கு."

பதினைந்தாம் நாள் காலை நான் வாயைத் திறக்குமுன் அவளே கேட்டாள். "ஏங்க, இன்னைக்குப் பதினஞ்சா?"

மறுநாள் வார்டுக்கு மாற்றினார்கள். அங்கேதான் கவரைத் திறந்து தாலிக்கயிற்றை அவள் கழுத்தில் போட்டேன். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

வீட்டுக்கு வந்தது இருபத்திரண்டாம் நாள். சுவரைப் பிடித்துத்தான் நடந்தாள், தம்ளரைத் தூக்கக் கை நடுங்கியது. பங்குனி கடைசி ஞாயிறு, விரதம் முடியும் நாள், கோயிலுக்குப் போக உடம்பு இடம் கொடுக்கவில்லை. ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து எதிரில் வைத்தேன். கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"கோயில்ல தளிகை போட்டாச்சான்னு கேளுங்க."

சமயபுரத்தில் பூக்கடை வைத்திருக்கும் மச்சானுக்குப் போன் போட்டு, ஆச்சு என்று அவர் சொன்னதை அவள் காதிலேயே வைத்துக் கேட்கவிட்டேன். அதற்கப்புறம்தான் சாப்பிட்டாள்.