வேலை செய்யும் மூலிகை மாத்திரையே எனக்கு அச்சம் தருகிறது

எடை குறைப்பு மாத்திரைகளைப் பற்றி விசாரிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இது வேலை செய்யுமா?" என்பதுதான். வேலை செய்யாத மாத்திரையால் பெரும்பாலும் பணம்தான் போகும். உண்மையிலேயே வேலை செய்யும் மாத்திரையிடம்தான், அது எதன் மீது வேலை செய்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. பசிக்கென்று நம் உடலில் தனியாக ஒரு விசை கிடையாது. பசியை அடக்கும் அதே நரம்பு வேதிப்பொருள்கள் உறக்கம், மனநிலை, இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றிலும் பங்கு வகிக்கின்றன. ஆகவே, பசியை ஒடுக்கும் அளவுக்கு வலுவுள்ள மருந்து மற்றவற்றைத் தொடாமல் விலகிச் செல்லும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

உண்மையிலேயே வேலை செய்யும் மருந்து உடலில் வேறு எதையும் தொடாமல் விடாது என்பதற்கு மிகக் கொடிய சான்று டைநைட்ரோஃபீனால். முதல் உலகப் போரின்போது வெடிமருந்துத் தயாரிப்பில் பயன்பட்ட இந்த வேதிப்பொருளைக் கையாண்ட தொழிலாளர்கள் மெலிந்துபோனார்கள். 1933-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே எடை குறைக்கும் மருந்தாக அறிமுகப்படுத்தினார்கள். உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலைச் செல்கள் பயன்படுத்திக்கொள்ள விடாமல் வெறும் வெப்பமாக வீணாக்குவதுதான் இதன் செயல்முறை என்பதால், எடை குறைந்ததில் ஐயமே இல்லை. ஆனால் அந்த வெப்பத்தை நிறுத்த வழியில்லை. உடல் சூடு கட்டுக்கடங்காமல் ஏறிச் சிலர் இறந்தார்கள். சிலருக்குக் கண்புரை வந்து பார்வை மங்கியது. அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. முறிமருந்து இல்லாத இந்த நஞ்சு இன்றும் இணையத்தில் திருட்டுத்தனமாக விற்பனையாகிறது, அதை வாங்கி விழுங்கி உயிரிழப்பவர்களும் இருக்கிறார்கள்.

அதன்பின் வந்தவற்றின் வரலாறும் ஏறக்குறைய ஒரே பாதையில்தான் செல்கிறது. இதய வால்வுகளைச் சேதப்படுத்தியதால் ஃபென்ஃப்ளூரமின் 1997-இல் திரும்பப் பெறப்பட்டது. மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டியதால் ரிமோனபன்ட் 2008-இல் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது. புற்றுநோய் அபாயம் குறித்த ஐயத்தால் லார்காசெரின் 2020-இல் சந்தையை விட்டு வெளியேறியது. இவை எவையும் போலி மருந்துகள் அல்ல. மருத்துவர்கள் சீட்டெழுதிக் கொடுத்தவை.

இந்த வரிசையில், பசியை அடக்கும் மருந்தான சிபுட்ராமினைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது போனதாகச் சொல்லப்பட்ட பிறகும் போகவில்லை. இதயநோய் அபாயம் உள்ள சுமார் 9,800 பேரிடம் நடந்த ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் முதலிய நிகழ்வுகள் சிபுட்ராமின் எடுத்தவர்களில் 11.4 சதவீதத்தினருக்கும், ஒப்பீட்டுக்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 10 சதவீதத்தினருக்கும் ஏற்பட்டன. வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம், ஆனால் சில கிலோ குறைவதற்காகக் கொடுக்கும் விலையாக அதை ஏற்க முடியாது. 2010-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதன் விற்பனை நின்றது. அடுத்த ஆண்டு இந்தியாவும் தடை செய்தது. பிறகு அது எங்கே போனது? "நூறு சதவீதம் இயற்கை" என்று அச்சிட்ட டப்பாக்களுக்குள் போனது. 2007 முதல் 2016 வரை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கலப்படம் கண்டறிந்த 776 துணை உணவுப் பொருள்களில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் எடை குறைப்புக்கானவை. அவற்றில் நூற்றுக்குச் சுமார் 85-இல் சிபுட்ராமின் இருந்தது.

தோழி ஒருவர் அப்படிப்பட்ட ஒரு டப்பாவின் படத்தை எனக்கு அனுப்பி, பசியே எடுப்பதில்லை என்று பெருமையுடன் எழுதியிருந்தார். லேபிளில் பத்துக்கும் மேற்பட்ட மூலிகைப் பெயர்கள் இருந்தன. ஆனால் எது எத்தனை மில்லிகிராம் என்று இல்லை, "பிரத்யேகக் கலவை" என்று மொத்த அளவு மட்டுமே இருந்தது. வேறு ஏதேனும் மாற்றம் தெரிகிறதா என்று கேட்டேன். வாய் வறண்டுபோகிறது, இரவில் தூக்கம் வருவதில்லை, மலச்சிக்கல் இருக்கிறது, படியேறினால் நெஞ்சு படபடக்கிறது என்றார். சிபுட்ராமினின் பக்கவிளைவுப் பட்டியலை யாரோ வாசித்துக் காட்டியது போலிருந்தது. ஆய்வகத்தில் சோதிக்காமல் அதுதான் என்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டு, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கச் சொல்ல அது போதுமானதாக இருந்தது.

கலப்படமில்லாத மூலிகை மாத்திரை என்ன செய்யும் என்பதும் தெரிந்த செய்திதான். விளம்பரங்களில் கொடிகட்டிப் பறக்கும் கார்சீனியா (குடம்புளி) சாற்றை 1998-இல் வெளியான பன்னிரண்டு வார ஆய்வொன்றில் சோதித்தபோது, போலி மாத்திரையைவிட அது கூடுதலாக எடையைக் குறைக்கவில்லை. பின்னாளில் அது கல்லீரல் பாதிப்புகளுடன் தொடர்புபடுத்தப்பட்டதுதான் மிச்சம். எஃபெட்ரா என்ற மூலிகை ஓரளவு எடையைக் குறைத்தது உண்மை. அது இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் பாதித்ததால் 2004-இல் அமெரிக்காவில் துணை உணவுகளில் சேர்க்கத் தடை விதிக்கப்பட்டது. இன்னும் சில மாத்திரைகளில் பேதி மருந்தும் சிறுநீர் பெருக்கியும் இருக்கும். எடை இயந்திரத்தின் முள் முதல் வாரத்திலேயே இறங்கும், ஆனால் வெளியேறியது நீர்தான், கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

முறையாக அனுமதி பெற்றவற்றில் ஆர்லிஸ்டாட் ஓரளவு நேர்மையான மருந்து என்பேன். அது மூளையைத் தொடுவதில்லை. குடலில் கொழுப்பைச் செரிக்கும் நொதியைத் தடுத்து, உண்ட கொழுப்பில் ஏறத்தாழ முப்பது சதவீதத்தை அப்படியே வெளியேற்றுகிறது. எண்ணெய்ப் பசையுடன் மலம் கசிவதும், கழிவறைக்கு ஓட நேர்வதும் இதனால்தான். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடலில் சேர்வது குறைவதால் அவற்றைத் தனியே எடுக்க வேண்டியிருக்கும். இத்தனைக்கும் ஓராண்டில் கூடுதலாகக் கிடைப்பது சுமார் மூன்று கிலோ குறைவு.

பசியைக் குறைக்கும் செமாக்ளூடைட் என்ற மருந்து வந்த பிறகு இந்தக் கணக்கு மாறிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2021-இல் வெளியான ஆய்வில், வாரம் ஒருமுறை ஊசியாக இதைப் போட்டுக்கொண்டவர்களின் எடை 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. போலி ஊசி போட்டவர்களுக்குக் குறைந்தது 2.4 சதவீதமே. குமட்டலும் வாந்தியும் பலருக்கு வருகின்றன, பித்தப்பைக் கற்களும் அரிதாகக் கணைய அழற்சியும் நேர்கின்றன, கொழுப்புடன் தசையும் கரைகிறது. ஆனால் மருத்துவரிடம் பலரும் கேட்க மறப்பது வேறொன்று. மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாக அதே ஆய்வின் தொடர்ச்சி காட்டியது. எத்தனை ஆண்டுகள் இதைத் தொடர வேண்டியிருக்கும், நடுவில் கருத்தரிக்கத் திட்டமிருந்தால் எத்தனை மாதம் முன்பே நிறுத்த வேண்டும், நிறுத்தும்போது பசி திரும்பினால் என்ன ஏற்பாடு என்பவற்றை முதல் ஊசிக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.